நாலு வயிறு சார் கேட்ட சத்தம்

எங்கள் சிங்காநல்லூர்த் தெருவில் நாலு வயிறு சாரிடம் "சௌக்கியமாங்க" என்று கேட்டுவிட்டு, கணையத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்பியவர் ஒருவரும் கிடையாது.

உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான், எங்களுக்கில்லை. "மாட்டுக்கு நாலு வயிறுங்கறது தப்புங்க. வயிறு ஒண்ணுதான், அதுல நாலு அறை" என்று பால்காரரை வாசலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் அந்தத் தப்பே அவருக்குப் பெயராகிவிட்டது. கழுத்து வலி என்று சொன்ன எதிர்வீட்டு அம்மாவிடம், "ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்துல ஏழு எலும்பு, உங்களுக்கும் ஏழுதானுங்க. அது என்னைக்காச்சும் வலிக்குதுன்னு சொல்லுச்சுங்களா?" என்றார். அந்த அம்மா அப்புறம் வெகுநாள் அவரோடு பேசவில்லை.

தெருவில் அவர் பேச்சை உட்கார்ந்து கேட்ட ஒரே ஜீவன் என் தங்கை. பிளஸ் டூவில் அவள் உயிரியலில் தேறியதே அவரால்தான்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தண்ணீரோடு சரி. முன்பு வந்த இரண்டு வரன்களும் "போயிட்டுச் சொல்லி உடறமுங்க" என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாகப் பொள்ளாச்சியிலிருந்து வந்த வரனின் போட்டோவைப் பார்த்ததுமே தங்கைக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. "அந்த சாரு மட்டும் இந்தப் பக்கம் வராம பாத்துக்க கண்ணு" என்று என்னிடம் சொல்லி வைத்தார்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, சார் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி பிடித்துவிட்டார்.

பேச்சு நன்றாகவே போனது. அடுப்படியில் வெல்லம் போட்ட கச்சாயம் பொரிகிற வாசனை. பையனின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்த நேரம் பார்த்து அவர் வயிறு கடமுடவென்று உருண்டது. வீட்டுக்கே கேட்டது. மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவர் நாலு வயிறு சாரா? நேரே போய்க் குனிந்து, கூச்சமே இல்லாமல் பையனின் அப்பா வயிற்றருகே காதை வைத்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். கதை முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

"ஏனுங்க, இதுல வெக்கப்பட என்ன இருக்குது? கச்சாய வாசம் மூக்குல ஏறுனதுமே வாயில எச்சில் ஊறிருச்சு. வயித்துல அமிலம் சுரந்துருச்சு. குடலு வேலையை ஆரம்பிச்சுப்போட்டுதுங்க. உடம்பு சம்மதம் சொல்லி நேரமாச்சு, வாய்தான் இன்னும் பிகு பண்ணுது."

முதலில் பொத்துக்கொண்டு சிரித்தது பையன்தான். பிறகு அறைக்குள்ளிருந்து என் தங்கை. பையனின் அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"எலையப் போடச் சொல்லுங்க. இனி மறைச்சு என்னத்துக்கு? பொண்ணை எங்க எல்லாருக்கும் புடிச்சுப் போச்சுங்க."

கல்யாணத்தன்று தங்கை காரில் ஏறும்போது, சார் மண்டபத் தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளும் அழுதுகொண்டேதான் கண்ணாடியை இறக்கினாள்.

"சார், கண்ணீர்ச் சுரப்பி எங்கீங்க இருக்குது?"

சார் காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தெரியலையே அம்மணி" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் அவரைப் பார்த்தால், நானே வண்டியை ஓரமாக நிறுத்தி, "சௌக்கியமாங்க சார்" என்று கேட்கிறேன்.