மணிக்கட்டில் ஒரு கோள்மூட்டி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? என் சௌக்கியத்தைப் பற்றி நானாக எதுவும் சொல்லும் நிலையில் இல்லை. அதைச் சொல்வதற்கென்றே இப்போது கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் தொழிற்சாலை நிலவரம் தங்களுக்குத் தெரியும். சாவி கொடுக்கும் கடிகாரம் செய்தோம். பாதி வியாபாரத்தை மலிவு பேட்டரிக் கடிகாரம் தின்றது, மீதியைச் செல்போன் தின்றது. மணி பார்க்க நாங்கள் யாருக்கும் வேண்டாம் என்றானதும் முதலாளி நாடி பார்க்கும் கடிகாரத்தில் இறங்கிவிட்டார். போட்டிக் கம்பெனிக்காரன் முந்துவதற்குள் வெளியிட வேண்டுமாம். சோதனைக்கு ஆளுக்கொன்று மாட்டிவிட்டார்கள். முப்பது வருஷம் கடிகாரத்தை நான் சோதித்தேன், இனி அது என்னைச் சோதிக்கட்டும் என்று கையை நீட்டினேன்.

மூன்றாம் நாளே மேலாளர் கூப்பிட்டார். "நேத்து வேலை நேரத்துல நாலு மணி நேரம் தூங்கியிருக்கீங்க" என்றார். முடியைவிட மெல்லிய சுருள்கம்பியை இடுக்கியில் பிடித்திருப்பவன் மூச்சு விட்டால் அது பறந்துவிடும் மச்சான். அதனால் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பேன், இந்தச் சனியன் அதைத் தூக்கம் என்று எழுதிவிட்டது. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி ஏறி மூச்சிரைக்கக் கதவைத் தட்டுகிறேன், உங்கள் தங்கை திறக்கிறாள், கடிகாரம் கீகீயென்று கத்தி, 'கடும் மன அழுத்தம்' என்று சிவப்பெழுத்தில் காட்டுகிறது. அவள் படித்துவிட்டாள்.

"ஆபீஸ்ல கத்தாத கடிகாரம் என்னைப் பார்த்ததும் கத்துதா?"

"மாடிப்படிம்மா, மாடிப்படி!"

"படி மேல பழியைப் போடாதீங்க."

மறுநாள் பெட்டியோடு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு புதுப் பிரிவின் பொறியாளர்ப் பெண் அரை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "சார், நீங்க மூச்சே விடலையே. அது பாவம், என்ன பண்ணும்?" என்றாள். குறையைச் சரிசெய்யாமல் விற்கக்கூடாது என்று எழுதியும் கொடுத்துவிட்டாள். வெளியீடு இரண்டு மாதம் தள்ளிப்போனது. இப்போது கேண்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. "போட்டிக்காரன் ஜெயிச்சா உங்களாலதான்" என்கிறார்கள். விற்றபின் பேர் கெடுவதற்கு இது தேவலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அலுத்துப்போச்சு மச்சான். ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம், ஆளில்லாத வீட்டுக்கு நாலு மாடி ஏறத்தான் கால் வரமாட்டேன் என்கிறது.

தாங்கள் பெரியவர். கடிகாரமும் பொய் சொல்லும் என்று, முப்பது வருஷம் கடிகாரத்துக்குச் சான்று கொடுத்தவன் கைப்பட எழுதுகிறேன். தங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, தங்கள் தங்கைக்கு இரண்டில் எது அவள் கோபத்தைத் தணிக்குமோ அது.

இப்படிக்கு,
களைத்துப்போன தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் தங்கையே போன் செய்தாள். "அது கத்தினதுக்கா நான் வந்தேன்? அதுக்கு முந்தின நாளே பெட்டி கட்டியாச்சு. முப்பது வருஷமா நம்ம வீட்டுல கடிகாரப் பேச்சைத் தவிர வேற பேச்சு உண்டா? பத்து நாள் வேற ஏதாவது பேசற மனுஷங்களோட இருக்கலாம்னு வந்தேன். ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றாள். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். அவள் கண்ணில் பட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டாள்.