வாலாஜாபாத் சம்பந்தத்தைக் கெடுத்த கியர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனர் சிரஞ்சீவி முத்துக்குமாருக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா சபாபதி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா கமலாட்சியும் மகள் கீர்த்தியும் சுகம். அம்பத்தூரில் நீயும் உன் வீட்டாரும் உன் புதுக் காரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ எங்கள் தலையில் கட்டிய பழைய காருக்குத்தான் சுகமில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். கார் என்று நான் வாயெடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

பொங்கல் சீர் என்று அந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று நீ என்ன சொன்னாய்? "மாமா, பதினேழு வருஷமா ஒரு சத்தம் போட்டதில்ல. கியர் வுழுந்துச்சான்னு தொட்டுப் பாத்தாதான் தெரியும்" என்றாய். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிட்டு, கியரே போட வேண்டாத புதுக் காரை ஏன் வாங்கினாய் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், நானும் பார்க்கவில்லை. இப்போது அந்த மாடு ராப்பகலாகப் பல்லைக் கடிக்கிறது. முதல் கியருக்கு ஒரு கர்ர்ர், இரண்டாவதற்கு அதைவிட நீளமாக ஒரு கர்ர்ர். ரிவர்ஸ் போட்டாலோ மிளகாய் அரைக்கிற மிஷினில் யாரோ ஆணியைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. தெருவில் படுத்திருக்கும் நாய்கள் நான் சாவியைக் கையில் எடுத்ததுமே எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுகின்றன. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ரெண்டாவது கியரா சபாபதி? இன்னும் வுழல போலக்குது" என்று அக்கறையாக விசாரிக்கிறார். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

மெக்கானிக் சத்யராஜிடம் மூன்று முறை கொண்டுபோய் விட்டேன். முதல் முறை கியர் ஆயிலை மாற்றினார். இரண்டாம் முறை கிளட்ச் கேபிளை முடுக்கினார். மூன்றாம் முறை வண்டிக்கு அடியில் அரை நாள் படுத்துப் பார்த்துவிட்டு, ஓரிக்கை வரை தானே ஓட்டிப்போய்த் திரும்பி, என் வாசலிலும் அவரே கொண்டுவந்து விட்டார். ஒரு முனகல் உண்டா? அந்தத் துரோகி வண்டி அவர் கையில் மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகளாக நடந்துகொண்டது. மறுநாள் காலையில் என் வாசலில் நான் ஏறி உட்கார்ந்து கியரைத் தொட்டேன், கர்ர்ர். போன் போட்டுக் கேட்டால், "வண்டில ஒண்ணும் இல்ல சார். கிளட்ச்ச முழுசா மிதிங்க. பாதி மிதிச்சிட்டு கியர் போட்டா பல்லும் பல்லும் மோதிக்கினு கத்தத்தான் செய்யும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்கிறார். யாரிடம் சொல்கிறார் பார். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து மிதித்தவன் நான். மிதியை முழுசாக அழுத்தாமல் குறுக்கே நாடாவை ஓடவிட்டால் பாவு நூல் அறுந்துபோகும் என்று பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். என் காலைக் குறை சொன்ன முதல் ஆள் இந்த சத்யராஜ். இரண்டாவது ஆள் உன் அக்கா. "பட்டு நூலு அறாம மிதிக்கிற காலு, இந்த இரும்ப மிதிக்க மாட்டேங்குதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறாள். உன் ரத்தம்தானே, உன் பக்கம்தான் பேசும்.

இதையெல்லாம் தலையெழுத்து என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உன் கார் இப்போது என் பெண்ணின் கல்யாணத்திலேயே கை வைத்துவிட்டது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் கலியன், தன் மகன் குமரனுக்குக் கீர்த்தியைக் கேட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். மூன்று வருஷம் அலைந்து, பத்தில் ஒன்பது பொருத்தம் அமைந்து வந்த இடம். கீர்த்தி காபித் தட்டோடு வந்து நின்றாள். கலியன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் காரைப் பத்து நிமிஷம் பார்த்தார். "பொண்ணுல பாக்கறதுக்கு என்னா இருக்குது சம்பந்தி, தங்கமான பொண்ணு. வண்டில ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம். கல்யாணத்துக்கு அப்பறம் புள்ளைங்க போவ வர ஒதவுமே" என்றார். எவ்வளவு பெருந்தன்மை பார். அது வேண்டும் இது வேண்டும் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரை முன்னாலும் பையனைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ராஜவீதியில் திரும்பினோமோ இல்லையோ, சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். சாமி பத்தடி நகர்வார், நிற்பார். நானும் பத்தடி நகர வேண்டும், நிற்க வேண்டும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் முதல் கியர், ஒவ்வொரு முதல் கியருக்கும் ஒரு கர்ர்ர். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தவில்காரர் நேராக வந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னாபா, தனி ஆவர்த்தனம் நான் வாசிக்கிறதா, நீ வாசிக்கிறியா?" என்று கேட்டார். பின்சீட்டிலிருந்து குமரன், "அங்கிள், ஏசியாச்சும் வேலை செய்யுதா?" என்றான். கலியன் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஏகாம்பரா" என்றார். பக்தியில் சொன்னதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் கதவைத் திறந்து இறங்கியேவிட்டார். "நாங்க அப்படியே பஸ்ஸ புடிச்சிக்கினு போயிடறோம் சம்பந்தி" என்றார். மறுநாள் போனில் பேசும்போது சம்பந்தி என்பது சார் என்று ஆகியிருந்தது. "ஜாதகத்த இன்னொரு தபா பாத்தோம் சார், ஒண்ணு ஒதைக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது முத்துக்குமார். ஒரே பெண். அவளுக்கு அமைய இருந்த நல்ல இடத்தை உன் கியர் பெட்டி அரைத்துத் தள்ளிவிட்டது. ஆகையால் இந்தக் கடிதத்தைக் கண்டதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்து உன் காரை எடுத்துக்கொண்டு போகவும். போகிற வழியெல்லாம் நீயே கியர் போட்டு நீயே அந்தச் சங்கீதத்தைக் கேட்கவும். இனி நம் வீட்டுக்குச் சீர் செய்வதானால் தேங்காய் பழத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். காமாட்சியம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் மனசாட்சியும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
சபாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கீர்த்தி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். சிரித்தாள். நேராகக் காருக்குப் போய், டிரைவர் காலடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தை உருவி என் கையில் கொடுத்தாள். கார் என்றால் லட்சுமி, வெறும் தகரத்தில் கால் வைக்கலாமா என்று பூஜை போட்ட அன்றே ஜமுக்காளத்தை நாலாக மடித்து அங்கே விரித்தது நான்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏறுவேன். கிளட்ச் பாதி இறங்கி ஜமுக்காளத்தில் இடித்து நின்றிருக்கிறது, அதுதான் அடிமட்டம் என்று என் கால் நினைத்துவிட்டது. சத்யராஜிடம் விடும்போதெல்லாம் கிரீஸ் பட்டுவிடும் என்று அதைச் சுருட்டிக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வண்டி திரும்பியதும் மறுபடி விரித்ததும் நானேதான். கீர்த்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முசரவாக்கம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். கியர் மாறுவதே தெரியவில்லை. நீ சொன்னது நிஜம்தான்.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணாவது நாளே தெரியும்பா. சொல்ல வந்தேன், வண்டி விஷயத்துல பொம்பள புள்ள வாய வெக்காதன்னுட்ட. அப்பறம் வாலாஜாபாத்துக்காரங்க தரகர்கிட்ட கேட்ட மொத கேள்வியே, அவங்க வீட்ல கார் இருக்குதாமேன்னுதானாம். அம்மா சொன்னாங்க. சரி, ஜமுக்காளம் அங்கியே இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு நிமிஷத்தையும் பத்து நிமிஷத்தையும் என் கையாலேயே மேலே எழுதியிருக்கிறேன், எழுதும்போது உறைக்கவில்லை. என் மகளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, என்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். கார் இங்கேயே இருக்கட்டும். அன்றைக்கு உத்திரமேரூரிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. பையனுடைய அப்பா இன்று போனில் கீர்த்தியின் பெயரைக்கூடக் கேட்காமல், "வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்குதுங்களா?" என்று விசாரித்தார். நேரில் வாங்க, ஒரு ரவுண்டு போகலாம் என்று சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தை இப்போதுதான் திரும்ப விரித்துவிட்டு வந்தேன். இந்த முறை எட்டாக மடித்து.