ஆலத்திச் சிவப்பு, சங்குப்பூ நீலம்

"பூச்சியா?" என்றார் மீனாட்சிசுந்தரம்.

"பூச்சிதாங்க கிராணியாரே. காயவச்சு, இடிச்சு, சலிச்சு எடுக்கறாங்களாம். மருந்துக்கடை கம்பவுண்டர் சொன்னாரு" என்று ரெங்கசாமி சிவப்புச் சாயப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

மீனாட்சிசுந்தரம் முக்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். தமிழர்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே பண்டகசாலையின் இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா, அவர். கார்த்திகை, சஷ்டி, பிரதோஷம் எதையும் விடாதவர். வெங்காயம் அரிந்த கத்தியால் அரிந்த வெள்ளரிக்காயைக்கூடத் தொடாதவர்.

"அப்ப அந்த நீலம்?"

"அதுல பூச்சி கிடையாது. நிலக்கரித் தார்ல இருந்து இறக்கறாங்களாம்."

"ரயில் எஞ்சின் திங்கறதை நான் திங்கணுமா?"

"நீங்க ஏங்க திங்கறீங்க? கேக் துரைக்குத்தானே?"

"முதல் துண்டை வெட்டி அவர் கையால எனக்குத்தானய்யா கொடுப்பாரு! அத்தனை பேர் முன்னாடி நான் வாயை மூடிக்கிட்டு நிக்கவா?"

பண்டகசாலையின் தலைவர் டொனலி துரை ஓய்வுபெற்றுக் கப்பலேறப் போகிறார். சனிக்கிழமை நாலு மணிக்குப் பிரிவுபசாரம். காலியாகக் கிடந்த பெரிய கிராணி நாற்காலிக்கு ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் துரை போவார். பெயர்கள் இரண்டு. ஒன்று மீனாட்சிசுந்தரம். மற்றது மூன்றாவது கிராணி தம்புசாமி. மாலையையும் புகைப்படக்காரனையும் தம்புசாமி முந்திக்கொண்டுவிட்டதால், மீனாட்சிசுந்தரத்துக்குக் கேக்தான் மிஞ்சியது.

சாதாரணக் கேக் அல்ல. மேலே பிரிட்டிஷ் கொடி. சிவப்பு, வெள்ளை, நீலம். ராஜ விசுவாசத்தை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், கேக்கில் பூசினால் துரையின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும் என்பது அவருடைய தத்துவம்.

பலகாரக்கடை ரெங்கசாமிக்கு லட்டு தெரியும், ஜிலேபி தெரியும். கேக் தெரியாது. ஆனால் "தெரியாது" என்ற சொல்லும் அவருக்குத் தெரியாது.

"சைவ நிறம் வேணும்னா நேத்தே சொல்லியிருக்கலாமே!" என்றார் அவர். "ஆலத்தி கரைக்கறோமே, அது என்ன நிறம்? சிவப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும். அதைவிடச் சைவம் உலகத்துல உண்டா?"

மீனாட்சிசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. துரைக்குக் கேக்கும் ஆச்சு, கண்திருஷ்டியும் கழிந்தது.

"நீலம்?"

"சங்குப்பூ. பாசார்ல பலகாரம் விக்கற சீனத்து நோன்யாம்மா சோத்துக்கே அந்த நீலத்தை ஏத்துறாங்க. சாப்பிடறவன் எல்லாம் நல்லாத்தான் இருக்கான்."

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மீனாட்சிசுந்தரம் கோட்டு, டை சகிதம் மேற்பார்வையிட வந்தார்.

கேரம் பலகை அளவில் ஒரு கேக் மேசைமேல் கிடந்தது. முட்டை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ரெங்கசாமி ரவை, வெண்ணெய், தயிர் போட்டு, கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுட்டிருந்தார். மீனாட்சிசுந்தரம் விரல் மடக்கித் தட்டினார். டொக் டொக் என்றது.

"தண்டவாளத்துக்கு அடியில போடற சிலிப்பர் கட்டை மாதிரி இருக்கே?"

"கொடியைத் தாங்கணும்ல?"

சாயங்கள் இரண்டும் கிண்ணங்களில் ஜொலித்தன. ஒன்று கல்யாண வீட்டுச் சிவப்பு. மற்றது கடல் நீலம். "பார்த்தியா, பார்த்தியா!" என்று மீனாட்சிசுந்தரம் தம்மையே பாராட்டிக்கொண்டார்.

வெண்பூச்சுக்கு வெள்ளைக்காரர்கள் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அதுவும் கூடாது. ஆகவே ரெங்கசாமி அரைத்த சர்க்கரையில் ஒரு டஜன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். "இதுல குழைச்சா பீங்கான் மாதிரி இறுகும் பாருங்க."

பீங்கான் மாதிரிதான் வந்தது, வெள்ளை. அதில் ஒரு பங்கை எடுத்துச் சங்குப்பூச் சாற்றை ஊற்றிக் கிண்டினார். கிண்டக் கிண்ட நீலம் ஊதாவானது.

"என்னய்யா, கத்தரிக்காய் நிறத்துக்குப் போவுது?"

"அவசரப்படாதீங்க. இன்னும் பிடிக்கல."

இன்னொரு பங்கில் ஆலத்தியை ஊற்றினார். சிவப்பு கண் முன்னாலேயே வெளுத்தது. செங்கல், பூசணிக்காய் என்று இறங்கிக் கடைசியில் சாமியார் வேட்டி நிறத்தில் நின்றது.

"இது காவிய்யா!"

"எலுமிச்சம்பழப் புளிப்பு, சுண்ணாம்பை முறிச்சிடுச்சு."

"இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு!"

"போடலாம். துரைக்கு நாக்கு வெந்துடும், பரவாயில்லையா?"

நாக்கு வெந்த துரை எந்தப் பெயரை எழுதுவார் என்று மீனாட்சிசுந்தரம் ஒரு கணம் யோசித்தார். "வேண்டாம். காவியும் சிவப்புக்குத் தம்பிதான். நீலத்தைக் காப்பாத்து."

"சோடா உப்பு போட்டா புளிப்பு அடங்கும்" என்று ரெங்கசாமி ஒரு கரண்டி போட்டார்.

கிண்ணம் புஸ்ஸென்று சீறியது. நுரை பொங்கி மேசையில் வழிந்து மீனாட்சிசுந்தரத்தின் டையை எட்டிப் பார்த்தது. ஆனால் ஊதா தெளிந்து, நீலம் எட்டிப் பார்த்ததும் உண்மை.

"வருது, வருது! இன்னொரு கரண்டி!"

"போதுங்க, இதோட நிறுத்தினா..."

"நான் சொல்றேன், போடு. இலாகாவுல பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். எதையும் அரைகுறையா விட்டதில்ல."

ரெங்கசாமி போட்டார். மீனாட்சிசுந்தரம் தம் கையாலேயே மூன்றாவது கரண்டியையும் போட்டார். எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனைக் கடப்பதுபோல அந்தக் கலவை நீலத்தில் நிற்காமல் ஓடி, பச்சையில் போய் நின்றது. வாழையிலைப் பச்சை. அதற்குமேல் அது அசையவில்லை.

எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. பூவும் தீர்ந்துவிட்டது. கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி நீலச்சாறு மட்டும் மிச்சம். மணி இரண்டரை.

"சரி, கொடியையாவது ஒழுங்காப் போடு" என்று மீனாட்சிசுந்தரம், தாம் வரைந்து வந்த படத்தை நீட்டினார்.

ரெங்கசாமி அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "ஒரு சிலுவை, அதுமேல இன்னொரு சிலுவை, குறுக்கே ஒரு பெருக்கல். இது கோலமாவுல வரும். ஓடற சர்க்கரையில வராதுங்க. மூணு பட்டையா இழுத்துடவா?"

"என்னமோ பண்ணித் தொலை."

மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மீனாட்சிசுந்தரம் தள்ளி நின்று பார்த்தார். ஏதோ குறைந்தது.

"நடுவுல மொட்டையா இருக்கே. அந்த மிச்ச நீலத்துல வெறும் சர்க்கரையைக் குழைச்சு ஒரு ரயில் சக்கரம் போடு. நம்ம இலாகா முத்திரை மாதிரி இருக்கும்."

ரெங்கசாமி போட்டார். ஜிலேபி பிழிந்து பழகிய கை. அச்சுக்குடம், ஆரக்கால்கள் எல்லாம் வைத்து அருமையான சக்கரம்.

*

மண்டபத்தில் நூறு பேர். மேசை நீளவாக்கில் கிடந்தது. அதன் ஒரு கோடியில் டொனலி துரை, பின்னால் அவருடைய பட்லர் ஜெயராஜ். துரை கழுத்தில் தம்புசாமியின் மாலை. பக்கத்தில் தம்புசாமியின் பல்.

மீனாட்சிசுந்தரம் ஆங்கிலத்தில் ஆறு நிமிடம் பேசினார். அதில் "எங்கள் விசுவாசம்" என்ற சொல் பதினொரு முறை வந்தது. "அந்த விசுவாசத்தின் கொடி இதோ!" என்று முடித்து, கேக்கை மூடியிருந்த துணியை உருவினார்.

கைதட்ட உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.

பின்வரிசையில் மூட்டை தூக்கும் கலாசிகள் இரண்டு பேர் விறைப்பாக எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

தம்புசாமி காதருகே குனிந்தார். "அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க? இது காங்கிரஸ் கொடிலா!"

"யாரு கொடி?"

"பத்திரிகையில போட்டிருந்தானே. காவி, வெள்ளை, பச்சை, நடுவுல நீல ராட்டை. வெள்ளைக்காரனே வெளியே போன்னு ஊர்ல தூக்கிட்டுப் போறாங்களே, அந்தக் கொடி!"

"அது ரயில் சக்கரம்யா!"

"கோர்ட்டுல சொல்லுங்க, குறிச்சிக்குவாங்க."

மீனாட்சிசுந்தரம் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். அவர் துரையைப் பார்த்தார். துரையின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து தேடிய சிவப்பு அங்கேதான் இருந்தது.

முதலில் துணியை எடுத்து மறுபடி மூடப் பார்த்தார். துணியின் நுனி, பின்னால் நின்ற ரெங்கசாமியின் காலடியில் மாட்டியிருந்தது. இதற்குள் துரை கழற்றி மேசையில் வைத்திருந்த மாலையைப் பிடுங்கிச் சக்கரத்தின் மேல் போட்டார். இப்போது கொடிக்கு மாலை போட்டு மரியாதை செய்ததுபோல் ஆயிற்று. கலாசிகள் இருவர் நால்வரானார்கள்.

துரை தம் கையாலேயே அந்த மாலையை மெல்ல விலக்கினார்.

வேறு வழியில்லை. சாட்சியை அழித்துவிட வேண்டும். மீனாட்சிசுந்தரம் கத்தியைப் பற்றி ஓங்கிக் கேக்கை நோக்கிப் பாய்ந்தார். துரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நோ!"

அந்த ஒரு சொல்தான். குரல் உடைந்திருந்தது. துரை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயராஜைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஜெயராஜ் கேக்கைப் பலகையோடு தூக்கினார். ஒரு பொடி உதிரவில்லை. துரை பதிலுரை சொல்லாமல், தேநீர் குடிக்காமல், யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"சாட்சிப் பொருளா எடுத்துட்டுப் போறாரு" என்று தம்புசாமி மகிழ்ச்சியோடு வருந்தினார்.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் மீனாட்சிசுந்தரம் மனைவியிடம் சொன்னார்: "சீதாலெட்சுமி, ரெண்டு வேட்டி, ஒரு சொம்பு, விபூதிப் பை எடுத்து வை. ஜெயில்ல சைவச் சாப்பாடு கிடைக்குமான்னு தெரியல."

"கேக்தானே கொண்டுபோனீங்க? வெடிகுண்டா?"

"அதைவிட மோசம். காங்கிரஸ் கொடி. ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"ஊர்லதான் உங்களுக்கு மாலை போடுவாங்களே! அந்தக் கொடியைத் துரை முன்னாடியே பறக்கவிட்ட வீரர்னு."

"வாயை மூடு. அக்கம்பக்கத்துல கேட்கப் போவுது!"

பின்னாலேயே வந்த ரெங்கசாமியை அவர் பிடித்துக்கொண்டார். "நீ வந்து சொல்லணும். உண்மையைச் சொல்லணும்."

"என்னன்னு சொல்ல? எலுமிச்சம்பழம் ராஜத்துரோகம் பண்ணிடுச்சுன்னா? சோடா உப்பைத் தூண்டிவிட்டது யாருன்னு கேட்டா உங்களைத்தான் காட்டணும்."

மீனாட்சிசுந்தரம் தாளை எடுத்து விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'மாட்சிமை தங்கிய' என்று தொடங்கி, மஞ்சள், சுண்ணாம்பு, புளிப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். படித்துப் பார்த்தபோது வெடிமருந்து செய்முறை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டார்.

ஆறு மணிக்கு வாசலில் கார் நின்றது. மீனாட்சிசுந்தரம் விபூதி பூசிக்கொண்டு சொம்பைக் கையில் எடுத்தார்.

போலீஸ் இல்லை. பட்லர் ஜெயராஜ். கையில் உறை.

"துரை கொடுக்கச் சொன்னாரு."

உறையைப் பிரித்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். 'பெரிய கிராணி பதவிக்கு மீனாட்சிசுந்தரத்தைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு நுட்பமான மனிதரை என் வாழ்நாளில் கண்டதில்லை.'

சொம்பைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது. டையைத் தேடி இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்த்தியா சீதாலெட்சுமி? ராஜ விசுவாசம்! நிறம் மாறினாலும் இங்கிலீஷ்காரன் மனசைப் படிக்கத் தெரிஞ்சவன். பதினெட்டு வருஷம் இந்த யூனியன் ஜாக்குக்குக் கீழே உழைச்சது வீண் போகல."

"அப்ப அவர் அழுதது?" என்றாள் சீதாலெட்சுமி.

"ஆனந்தம்! சக்கரவர்த்தியை நினைச்சு!"

ஜெயராஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று நின்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"துரை ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. தான் இங்கிலீஷ்காரன் இல்ல, அயர்லாந்துக்காரன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்? அவர் நின்ன பக்கத்துல இருந்து பார்க்க, பட்டையெல்லாம் செங்குத்தா, அவங்க ஊர்க் கொடி மாதிரியே பச்சை, வெள்ளை, ஆரஞ்சு எல்லாம் வரிசை மாறாம இருந்துச்சாம். ஆனா இங்கிலீஷ்காரனை விரட்டிட்டு அவங்க ஊர்ல ஏத்தின கொடியில, நடுவுல அந்தச் சக்கரம் மட்டும் கிடையாதாமே?"