விருந்தாளியிலிருந்து மின்சாரம்

மனிதகுலம் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்தது, மலையைக் குடைந்தது, வெயிலைப் பிடித்தது, காற்றைச் சுற்றவிட்டது. விருந்தாளியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று அதற்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. தோன்றியது எங்கள் தெமிர்சாய் நகர மின் விநியோகத் துறைக்கு மட்டும்தான். கிர்கிஸ் மண்ணில் பிறந்ததற்காக நாங்கள் பெருமைப்படும் விஷயங்களில் இதுவும் சேர்ந்துவிட்டது.

மற்ற வழிகளைத் துறை முயன்று பார்க்காமல் இல்லை. நீரைப் பார்த்தது. கோடையில் தண்ணீரெல்லாம் ஆற்றின் கீழ்ப்பக்கத்து அண்டை நாட்டுப் பருத்தி வயல்களுக்குப் போய்விட, குளிர்காலத்தில் அணையில் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. முறைப்படி அணைக்கரையில் ஆடு அறுத்து, கையேந்தி வேண்டிக்கொண்டார்கள். ஆட்டை ஊழியர்கள் சாப்பிட்டார்கள். தண்ணீர் ஏறவில்லை, ஊழியர்களின் எடை ஏறியது. பிறகு நிலக்கரியைப் பார்த்தது. பாதி மண்ணோடு வந்து இறங்கிய லாரிகளைக் கண்ட கொதிகலன்காரர், "இது எரிக்கவா, செடி வைக்கவா?" என்று கேட்டு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். வெயில் மின்சாரத்துக்காக அலுவலகக் கூரையில் ஒரு பலகை வைத்தார்கள். அதைத் திறந்துவைத்தவரின் பெயர்க் கல்லுக்கு மேலே ஒரு குட்டி பல்பு அதன் தயவில் எரிந்தது. காற்றுக்காகக் குன்றின்மேல் காற்றாலை நட்டார்கள். பெரிய மனிதர்கள் பார்வையிட வரும்போதெல்லாம் காற்று ஒத்துழைக்க மறுத்ததால் அதைச் சுற்ற ஒரு மோட்டார் பொருத்தப்பட்டது. அந்த மோட்டாருக்குத்தான் கொஞ்சம் மின்சாரம் தேவைப்பட்டது.

இந்த நெருக்கடியில்தான் துறைத் தலைவர் ஷர்ஷென்பெக் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' கூட்டத்தைக் கூட்டினார். ஒரு வீட்டில், நாரின் ஊரிலிருந்து வந்த விருந்தாளியின் கை இறைச்சியோடு வாய்க்குப் போகும் வழியிலேயே விளக்கு அணைந்துவிட்டதாகப் புகார் வந்திருந்தது.

"விருந்தாளி இருக்கிற வீட்டை இருட்டாக்குறதா? முன்னோர் நம்ம மூஞ்சியில துப்ப மாட்டாங்க?" என்றார் ஷர்ஷென்பெக். "இனிமே விருந்தாளி உள்ள வீட்டுக்கு மின்வெட்டு கிடையாது."

மறுநாளே நகரம் முழுவதும் விருந்தாளியாகிவிட்டது. பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்வையும் போர்சோக் பணியாரமுமாக ஒருவர் வாசலில் ஒருவர் வந்து நின்றார்கள். இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் உட்கார்ந்தால் இன்னொரு வீடு இருட்டாகத்தானே இருக்கும்? மின் செலவு பாதியாகக் குறைந்தது. அந்த மிச்சத்தைத் துறை 'விருந்தாளி வழி உற்பத்தி' என்று தலைநகருக்கு எழுதி அனுப்பியது.

உற்பத்தி என்றால் தரக்கட்டுப்பாடு வேண்டாமா? விருந்தாளிகள் தரம் பிரிக்கப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் மாலை மட்டும் மின்சாரம். வெளியூர் உறவு என்றால் இரவும் சேர்த்து. சம்பந்தி வந்து உட்கார்ந்தால் இரவு பகல் எந்நேரமும். சம்பந்திக்கு மேல் மரியாதைக்குரிய ஜீவன் எங்கள் ஊரில் கிடையாது.

இதைக் கேட்டதும் ஆற்றங்கரைத் தெருவில் இருந்த பாத்மா தன் முட்டைப் பெட்டியிடம் ஓடினாள். பழைய குளிர்பதனப் பெட்டியைப் பிரித்து அவளே கட்டிய குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வான்கோழி முட்டைகள் அடுக்கியிருந்தன. போன குளிர்காலத்தில் ஒரே ஒரு மின்வெட்டில் அத்தனையும் கூழாகிப் போயின. இந்த முறையும் போனால் தொழிலை மூட்டை கட்டிவிட்டு மாஸ்கோவுக்குத் தரை துடைக்கப் போக வேண்டியதுதான். முட்டைகளுக்கு இரவு பகல் சூடு வேண்டும். அதாவது பாத்மாவுக்கு ஒரு சம்பந்தி வேண்டும்.

சம்பந்தி ஒருவர் தயாராகத்தான் இருந்தார். பாத்மாவின் மகன் ராய்கானும் சோரோவின் மகள் செயிலும் கல்யாணத்துக்கு அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு விருந்தில், வயதுக்கும் மரியாதைக்கும் தக்கபடி தர வேண்டிய ஆட்டு எலும்புகளைப் பரிமாறிய சோரோ, பாத்மாவின் தகுதிக்குக் குறைந்த எலும்பை அவள் முன்னால் வைத்துவிட்டார். 'அந்த எலும்பு வீட்டில் சம்பந்தமா?' என்று அவள் மறுத்துவந்தாள். காதல் அசைக்காத மனதை மின்வெட்டு அசைத்தது. ஒரே நாளில் நிச்சயம் முடிந்து, செயிலின் காதில் தோடு போடப்பட்டு, சோரோ பாத்மா வீட்டு மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்த்தப்பட்டார்.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எழுந்திருக்கப்படாது, சம்பந்தி."

"நான் என்ன, அடைகாக்க வந்தேனா சம்பந்தியம்மா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

விருந்தாளிகளைச் சோதிக்கத் துறை பரிசோதகர்களை நியமித்திருந்தது. போலி விருந்தாளிகளைக் கண்டுபிடிக்க ஓர் 'அறிவியல் முறை'யும் இருந்தது: தேநீர்க் கோப்பை. எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவோம். அடிக்கடி ஊற்றுவதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றினால் 'போதும், கிளம்புங்கள்' என்று அர்த்தம். பாதிக் கோப்பை இருந்தால் மின்சாரம் உண்டு, முழுக் கோப்பை இருந்தால் துண்டிப்பு. மின்சாரத்தைத் தேநீரால் அளந்த ஒரே நகரம் எங்களுடையதுதான்.

குஞ்சு பொரிக்க வேண்டிய நேரம் நெருங்கியது. சில முட்டைகளுக்குள்ளிருந்து கீச் சத்தம்கூடக் கேட்டது. அன்று மத்தியானம் பரிசோதகர் உலுக்மான் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். சோரோ பாதிக் கோப்பையோடு பாந்தமாக உட்கார்ந்திருந்தார். அந்தமட்டோடு விட்டிருக்கலாம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் பிடித்த எரிச்சலில் சோரோ வாயைத் திறந்தார்.

"என்ன இருந்தாலும் சம்பந்தியம்மா, அன்னிக்கி நான் வெச்ச எலும்பு சரியான எலும்புதான்."

"என்னது?"

"உங்க வயசுக்கு அது போதும்னேன்."

பாத்மா கெண்டியை எடுத்தாள். சோரோவின் கோப்பையில் விளிம்புவரை, விளிம்பைத் தாண்டி, அவர் முழங்கால்வரை ஊற்றினாள்.

உலுக்மானின் கண்கள் பனித்தன. இத்தனை தெளிவான சாட்சியம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

"விருந்தாளி கிளம்புறார்," என்று அறிவித்தார்.

"ஐயோ தம்பி, கோவத்துல கை தவறிடுச்சு!"

"கை தவறலாம் அக்கா, கோப்பை தவறாது."

வெளியே போய்க் கம்பத்தில் துண்டித்தார். பெட்டிக்குள் பல்பு அணைந்தது. பாத்மா ஓடிப்போய்ப் பெட்டியைத் தன் மேல்கோட்டால் போர்த்திக் கட்டிக்கொண்டாள். உள்ளே கீச் சத்தம் மெல்ல மெல்ல இளைத்தது. ஒரு எலும்புக்காக ஒரு குளிர்காலத்தையே கொட்டிவிட்டோமே என்று பெட்டிமேல் சாய்ந்து அழுதாள். சோரோவுக்கும் மனது கேட்கவில்லை.

"சம்பந்தியம்மா, அழாதீங்க. நான் காவல் பாக்குற கொட்டகைக்குத் தூக்கிட்டு வாங்க. அங்க உக்காந்தா சட்டையக் கழட்டணும், அவ்வளவு சூடு."

"கொட்டகையில சூடா? அடுப்பு இருக்கா?"

"அடுப்பு இல்ல. கம்ப்யூட்டருங்க. தலைவர் மச்சினரோடது. பிட்காயினாம், நாளெல்லாம் கணக்குப் போடுதுங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

ராய்கானும் செயிலும் முட்டைகளைக் கம்பளியில் சுற்றி, குதிரைச் சறுக்குவண்டியில் ஏற்றினார்கள். நகர எல்லையில் ஜன்னலே இல்லாத நீளக் கொட்டகை. கதவைத் திறந்ததும் முகத்தில் ஆகஸ்ட் மாதக் கோடை அடித்தது. பந்தி பந்தியாக இயந்திரங்கள் விசிறி சுழல நின்றன. மின்வெட்டில் ஆஸ்பத்திரியைக்கூட இருட்டாக்கி மிச்சம்பிடித்த மின்சாரம் அங்கே சௌக்கியமாக இருந்தது. பாத்மா வெப்பமானியைப் பிடித்து, குஞ்சுக்கு ஏற்ற சூடு உள்ள தட்டாகப் பார்த்து, இயந்திரங்களுக்கு இடையில் முட்டைகளை அடுக்கினாள்.

சேதி கேட்டு ஷர்ஷென்பெக் காரில் பறந்து வந்தார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? எடுங்க முட்டைய!"

"இங்க மட்டும் எப்படி அண்ணே கரண்ட் நிக்கல?" என்றார் சோரோ.

"சட்டப்படிதான். இதெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வந்தது. விருந்தாளி."

"விருந்தாளியா? டீ குடிக்குமா?"

"மின்சாரம் குடிக்கும். எவ்வளவு ஊத்தினாலும் கோப்பை நிரம்பறதே இல்ல. நிரம்பாத வரைக்கும் கிளம்பச் சொல்ல முடியாது. அது நம்ம பண்பாடு."

சோரோ தலையைச் சொறிந்தார். பாத்மா மட்டும் விடவில்லை.

"வந்து எத்தன நாளாச்சு?"

"ரெண்டு குளிர்காலம்."

"மூணு நாளுக்கு மேல தங்குற விருந்தாளி வீட்டு வேலைக்குக் கை குடுக்கணும். அதுவும் நம்ம பண்பாடுதானே? விறகு பொளக்க இதுங்களுக்குக் கையில்ல. அடைகாக்கட்டும்."

ஷர்ஷென்பெக் ஒரு முட்டையை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பண்பாட்டை மறுத்துப் பேச அவர் அகராதியில் வார்த்தை இல்லை. அதோடு வாசலில் ஊர் கூட ஆரம்பித்திருந்தது. எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்ததால் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்தச் சூட்டை விட்டு யாரும் வெளியே போகவும் இல்லை.

குஞ்சுகள் பொரித்தன. முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு ஓர் இயந்திரத்தின்மேல் ஏறி நின்று கத்தியபோது பாத்மா வாய்விட்டு அழுதாள். சோரோ தன் தொப்பியைக் கழற்றி அதைப் பொத்தி எடுத்துக்கொடுத்தார்.

எதையும் சாதனையாக்கத் தெரிந்தவர்தான் தலைவராக இருக்க முடியும். அடுத்த வாரமே நகரச் சதுக்கத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, 'துறையின் கோழிவளர்ப்புத் திட்டம்' தொடங்கிவைக்கப்பட்டது. பாத்மாவின் கழுத்தில் ஷர்ஷென்பெக் பதக்கம் மாட்டினார்.

"மக்களே! நம்ம எல்லாருடைய மின்சாரமும் சேர்ந்து பொரிச்ச குஞ்சுங்க இது! நம்ம ஆத்துத் தண்ணி, நம்ம மலைக் கரி, நம்ம விருந்தாளிங்க! அக்கா, ரெண்டு வார்த்த பேசுங்க."

பாத்மா கூடையோடு மைக்கின் முன்னால் வந்தாள்.

"தலைவர் சொன்னது நெசம். நம்ம எல்லாரோட கரண்ட்தான். அது எனக்குப் பொரிச்சுக் குடுத்தது இந்தக் கூடையில இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க. தலைவருக்கும் அவர் மச்சினருக்கும் ரெண்டு குளிர்காலமாப் பொரிச்சுக் குடுத்தது எங்க இருக்கு? அதையும் இந்த மேடையில கொண்டாந்து வெச்சா..."

அந்த இடத்தில் மின்சாரம் நின்றது. தெமிர்சாய் வரலாற்றில் மிகச் சரியான நேரத்தில் செய்யப்பட்ட மின்வெட்டு அது ஒன்றுதான்.