மாமாவை இங்கிலீசில் வைதது

“மார்கழி, வெள்ளி. மாமா வீட்டோடு போக்குவரத்து நின்றது. காரணம்: நான்.”

என் பழைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டை எழுதவில்லை. (யார் வீட்டு மாடு என்றைக்குக் கன்று போட்டது என்றுகூடக் குறித்து வைத்தவன், இதில் கோட்டை விட்டேன்.) மற்ற பக்கங்களை வைத்துப் பார்த்தால் 1955 அல்லது 56.

எங்கள் ஊர் தொண்டிக்கு மேற்கே. அந்த மார்கழியில் கண்மாய்த் தண்ணீருக்காக அய்யாவும் மாமாவும் மோதிக்கொண்டார்கள். மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். தாய் தகப்பனை இழந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர்தான். முறை தப்பி மடையை அடைத்துவிட்டார் என்பது அய்யாவின் புகார். வழக்கு ஐயனார் கோயில் முன் கூடும் ஊர்ச் சபைக்குப் போனது. அங்கே ஒரு கட்டுப்பாடு: சபையில் வசைச்சொல் பேசியவருக்கு அடுத்த முறைத் தண்ணீர் கிடையாது. அய்யாவுக்கோ வசைச்சொல் கலக்காமல் பேசத் தெரியாது.

“ஏலே, காலேசுல படிச்சேல்ல? நீ இங்கிலீசுல வையி. அதுக்குக் கட்டுப்பாடு கெடையாது” என்றார்.

“என்னமும் வையிங்க. எங்கண்ணன் மனசு நோகாம வையிங்க” என்றாள் அம்மா.

அகராதியை விரித்தேன். அடுத்தவனை இழிவுபடுத்த ஆங்கிலத்தில் இருந்த சரக்கைப் பார்த்து மலைத்துப்போனேன். வாயால் அவதூறு சொன்னால் ‘ஸ்லாண்டர்’, அதையே எழுதினால் ‘லைபெல்’. ஒரு தேசமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது! பொறுக்கியெடுத்த சொற்களை அகர வரிசைப்படி மனப்பாடம் செய்தேன்.

சபையில் எழுந்து மாமாவை நோக்கிக் கையை நீட்டினேன். “யூ ஆர் டெஸ்பிக்கபிள்! டிஸ்கிரேஸ்ஃபுல்! இன்ஃபேமஸ்! ஸ்கவுண்ட்ரல்!”

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீகளாய்யா எம் மருமகன! தொரை கணக்கா பேசுறான்.”

ஊரும் பெருமையாகத் தலையாட்டியது. வைத பலன் கிடைக்காத அய்யா கொதித்தார். “என்ன அர்த்தம்னு சொல்றா!”

மாமா அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: “சொல்லு மருமகனே. என்னயப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிருக்க. அதத் தமிழ்ல சொல்லிட்டு ஒக்காரு.”

ஒரு பொய் போதும். ‘பெரிய மனுஷன், நியாயஸ்தர்’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நானோ மொழிபெயர்ப்பில் பிழை வரக் கூடாதே என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“டெஸ்பிக்கபிள் என்றால் ஈனப்பிறவி. டிஸ்கிரேஸ்ஃபுல் என்றால் குலத்துக்கு இழுக்கு…”

நான்கையும் சொல்லி முடித்தேன். (‘இன்ஃபேமஸ்’ஸுக்குத் திருப்தியான தமிழ் அமையாததால் இரண்டு சொற்கள் கொடுத்தேன்.)

“தமிழ்ல வந்திருச்சேப்பா” என்றார் சபைப் பெரியவர். அடுத்த முறைத் தண்ணீர் போனது. அய்யாவின் பயிர் பதராகப் போகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “எம் பொறப்பு ஈனம்னா, ஒங்காத்தா எந்த வயித்துலலே பொறந்தா?”

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அந்தத் தையில் மாமா வீட்டுப் பொங்கல் சீர் வரவில்லை. பிறகு எந்தத் தையிலும் வரவில்லை. சில வருடம் கழித்து மாமா இறந்தபோதும் சொல்லிவிட ஆள் வரவில்லை. அடுத்த தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டுத்தான் அம்மா தெரிந்துகொண்டாள். தலைமுடியை அள்ளி முடியாமல் ஓடினாள். அத்தை அவளை வாசலில் மறிக்கவில்லை. கட்டிப்பிடித்து அழவும் இல்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் இங்கிலீசில் வாயைத் திறந்தால் என் மனைவி சொல்வாள்: “போதும், நிப்பாட்டுங்க. அர்த்தம் சொல்லிறாதீக, ஊரு தாங்காது.” பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மாமாவின் பதினாறாம் நாளன்று ஒரு முதியவர் சொன்னார்: வாலிபத்தில் மாமா கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் மூட்டை தூக்கினாராம். அது உண்மையானால், ‘டெஸ்பிக்கபிள்’ அவருக்குப் புரிந்திருக்காது; ‘ஸ்கவுண்ட்ரல்’ புரியாமல் இருந்திருக்க முடியாது. வசவு என்று தெரிந்தேதான், நல்லதாகச் சொல்லிவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். மாமாவின் மகன்களைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். சொன்ன முதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா கொழும்புக்குப் போனாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.