டர்போ ஆறட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஆகஸ்ட் 1988

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா தம்புசாமி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். கூச்சிங்கில் நீங்களும் மகளும் சுகமென்று நம்புகிறேன். சுகமில்லாதது, மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனீர்களே, அந்தக் கார் ஒன்றுதான்.

அதை விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் வீரசிங்கம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். ஆயுசு முழுக்க ரயில்வேயில் இருந்தவன் நான், இப்படி அதிகாரம் பண்ணுகிற இஞ்சினைப் பார்த்ததே இல்லை. இருப்பதோ தம்மாத்தூண்டு, அதற்கொரு டர்போ வேறு. "வந்து நிறுத்துனதும் சாவியத் திருப்பிடாதீங்க மாமா, ரெண்டு நிமிசம் இஞ்சின் சும்மா ஓடணும். இல்லாட்டி டர்போக்குள்ள ஆயில் கருகிடும், வண்டி நாள்பட உழைக்காது" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் பத்தியம் மாதிரி கடைப்பிடிக்கிறேன். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாலும் உடனே இறங்க முடியாது, கோயிலுக்குப் போனாலும் இறங்க முடியாது. செராஸில் அய்யாவு சித்தப்பா தவறிய அன்று, வாசலில் வண்டி நின்றதுமே உங்கள் அத்தை முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். பொறு, டர்போ ஆறட்டும் என்றேன். துக்க வீட்டு வாசலில் இஞ்சின் ஓடுது, நாங்க ரெண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கோம். இறங்காமலே கிளம்பப் பார்க்கிறான் என்று நினைத்துச் சித்தியின் தம்பி வந்து கண்ணாடியைத் தட்டுகிறார். கடைசியில் இறங்கும்போது இவளுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அன்றைக்கு அவளைப் போல அழுதவர் யாருமில்லை என்று செராஸில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

அதோடு விட்டதா? டர்போ சூடு, டர்போ சூடு என்று நான் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, போன வெள்ளிக்கிழமை பூசைக்கு அரைத்த சந்தனத்தில் மிச்சத்தை, போனட்டைத் திறந்து டர்போ மேல் அப்பிவிட்டாள். குளிர்ச்சியாம். குங்குமப் பொட்டு வேறு. பெட்டாலிங் ஜெயா போகிற வழியெல்லாம் புகை. பட்டறையில் மெக்கானிக் பழனியப்பன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இஞ்சின்ல சாமி வாசம் வருதுலா" என்றார்.

உங்கள் பொருள் என் கையில் கெட்டுப்போனால் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பேன்? அந்தப் பயத்தில்தான் விற்கலாம் என்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகள் கூச்சிங் போன நாளிலிருந்து உங்கள் அத்தை வீட்டில் பேசுவதில்லை. சோறு வைப்பாள், டிவி முன்னால் உட்காருவாள், படுத்துவிடுவாள். என்ன கேட்டாலும் 'ம்'தான். எனக்குப் பயமாகவே இருந்தது மாப்பிள்ளை. ஆனால் வண்டி ஆறுகிற அந்த நேரத்தில் மட்டும், எழுந்து போக வழியில்லாமலோ என்னவோ, வாயைத் திறக்கிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, முந்தாநாள் கண்ட கனவு, வெண்டைக்காய் விலை என்று எல்லாம் வருகிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சரி, அது கிடக்கட்டும். வண்டி விஷயமாக உங்கள் முடிவைச் சீக்கிரம் எழுதுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வயிறார உண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமா தம்புசாமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. வீரசிங்கத்திடம் இல்லாத கோளாறெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டியை விற்க வேண்டாம். அதற்கு ஒரு குறையும் இல்லை. பழனியப்பன் சந்தனத்தைச் சுரண்டி, எல்லாம் பார்த்துவிட்டு, "நேரத்துக்கு ஆயில் மாத்துனா இது ரொம்ப வருசம் ஓடும் அங்கிள். நீங்க ஓட்டுற மெதுவுக்கு அந்த ரெண்டு நிமிசம்கூட தேவையில்ல, வந்ததும் ஆஃப் பண்ணிட்டுப் போலாம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார், நான்தான் மேலே எழுதவில்லை. இதை மட்டும் மறந்தும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். வண்டி பழசாகிவிட்டது, இனி ஐந்து நிமிடம் ஆற வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.