மிதக்கும் ஒய்.பி.

தேர்தல் முடிவை அறிவிக்க அரசாங்கத்துக்கு ஓர் இரவு வேண்டும். சன்னாசி சாமிக்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போ டவுன் புந்தோங்கிலிருந்து தோட்டத்துக்கு வேன் வேனாக ஆள் வந்தது. பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. சில லயத்து வீடுகளும் முனியாண்டி கோயிலும் மிச்சம். பிழைக்க டவுனுக்குப் போனவர்கள் ஓட்டை மட்டும் இங்கேயே வைத்திருந்தார்கள்.

முனியாண்டிக்கு வலப்பக்கம் ஓர் அண்டா, இடப்பக்கம் ஓர் அண்டா. இரண்டிலும் தண்ணீர். வலதில் சட்டமன்ற உறுப்பினர் கனகராஜ் பெயர் எழுதிய பழம். மாண்புமிகுவுக்கு மலாய்ச் சுருக்கமான ஒய்.பி. என்றால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். இடதில் எதிர்த்து நிற்பவர் பெயர் எழுதிய பழம். மிதப்பவர் ஜெயிப்பார்.

இரண்டு தேர்தல்களில் ஒய்.பி. மிதந்தார். மிதந்தவருக்கே ஊர் ஓட்டுப் போட்டது. ஊர் போட்ட ஓட்டில் சாமி வாக்குப் பலித்தது. என்ன அதிசயம்!

சன்னாசி சாமி முன்பு பசாரில் கருவாடு விற்றவர். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

குமுதா கோயிலுக்குப் பக்கத்து வீடு. வாசலில் போகும் லோங்காங் கால்வாய் தூர்ந்து, மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். போன மழையில் தையல் மெஷின் முங்கியது. அதுதான் அவளுக்குச் சோறு. தோண்டித் தரச் சொல்லி ஒய்.பி.யிடம் போனாள். அவர் சாமியைக் கேட்டார்.

"முனியாண்டி கால் கழுவுற தண்ணி அது. தொட்டா குத்தம்" என்றார் சாமி.

"சாமி காரியத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதும்மா" என்றார் ஒய்.பி. அவ்வளவு பக்தி.

போன தேர்தல் முடிந்து வலது அண்டாத் தண்ணீரைக் குமுதாவின் கறிவேப்பிலைச் செடியில் கொட்டினார்கள். செடி கருகியது. தெய்வக் குத்தம் என்றார் சாமி. குமுதா யோசித்தாள். அந்தக் கூட்டத்தில் அது பழக்கமில்லாத வேலை.

இந்த முறையும் ஒய்.பி. மிதந்தார். எதிர்த்து நின்ற தர்மா கல்லாக முங்கினார். ஒய்.பி. கழுத்தில் மாலை விழுந்தது.

"எல்லாம் மூடநம்பிக்கை" என்று முணுமுணுத்தார் தர்மா.

"சாமி, பழத்த மாத்திப் போடுங்க" என்றாள் குமுதா.

"கூடாதும்மா!"

"ஏன், பக்கம் மாறினா முனியாண்டிக்கு ஒய்.பி.ய அடையாளம் தெரியாதா?"

உட்கார்ந்தே பழகிய உடம்பு. சாமி எழுவதற்குள் அவளே மாற்றிப் போட்டுவிட்டாள்.

ஒய்.பி. முங்கினார். தர்மா மிதந்தார்.

இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள்.

"முனியாண்டி கட்சி மாறிட்டாருலா!" என்று ஒருவர் கத்தினார். கட்சித் தாவல் பேராக் மாநிலத்துக்குப் புதிதா? மாலை கழுத்து மாறியது. தர்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். "எல்லாம் அவன் செயல்."

குமுதா தலையில் அடித்துக்கொண்டாள். தட்டிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்தாள். பெயர் எழுதி வலது அண்டாவில் போட்டாள். ஜம்மென்று மிதந்தது.

"யாருக்கா அது, மூணாவது வேட்பாளர்?"

"டைகர்."

மரத்தடியில் படுத்திருந்த அவளுடைய நாய் காதைத் தூக்கியது.

"ரெண்டு அண்டாவயும் நக்கிப் பாருங்க" என்றாள்.

ஒருவர் இரண்டிலும் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். "இது பைப் தண்ணி. இது கருவாட்டு உப்புலா!"

"கடல் தீர்த்தம்..." என்று தொடங்கிய சாமி, முடிக்காமல் செருப்பைத் தேடினார்.

ஒய்.பி. முகம் சிவந்தது. "என்னையும் நாயையும் ஒண்ணா வச்சு அவமானப்படுத்திட்டியே!"

"அவமானம் டைகருக்குத்தான் ஒய்.பி. தண்ணி ஏறினா அது வாயத் தொறந்து குலைக்கும். நீங்க இத்தன வருஷத்துல சட்டமன்றத்துல எங்க லோங்காங்குக்காக ஒரு தடவ வாயத் தொறந்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

குமுதா தர்மா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. ஜெயிச்சா எப்பத் தோண்டுவீங்க?"

தர்மா மெல்ல மாலையைக் கழற்றினார்.

மேற்கே மேகம் கறுத்தது. டைகர் எழுந்து குலைக்க ஆரம்பித்தது. அன்று முதல்முறையாகக் கூட்டம் அண்டாவை விட்டுவிட்டு லோங்காங்கைப் பார்த்தது.

உப்புப் போட்டால் பழம் மிதக்கும். ஓட்டுப் போட்டால் ஒய்.பி. மிதப்பார். போடுவதற்கு முன் கொஞ்சம் நக்கிப் பாருங்கள்.